துவரைக்கு நேர்ந்த கதி

துவரம் பருப்பின் விலை ஏறினால் தேசமெங்கும் கூக்குரல் எழுகிறது. பட்டணவாசிகள் முறையிடுகிறார்கள், மந்திரிகள் கூடி யோசிக்கிறார்கள், அதிகாரிகள் வியாபாரிகளின் கிடங்குகளைச் சோதிக்கப் புறப்படுகிறார்கள், அந்நிய நாட்டுப் பருப்பைக் கொண்டுவரக் கப்பல்கள் அமர்த்தப்படுகின்றன. அதே பருப்பின் விலை சரிந்தாலோ ஒரு சத்தமும் கேட்பதில்லை. சரிந்த விலையால் நஷ்டமடைகிறவன் கலபுரகியிலும் லாத்தூரிலும் அகோலாவிலும் நம் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் வானம் பார்த்த பூமியை உழுகிற குடியானவன். அவன் கூவினால் கேட்கக்கூடிய தூரத்தில் பத்திரிகாலயங்கள் இல்லை. நாமும் பத்திரிகை நடத்துகிறவர்களே. இந்தக் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறோம்.

பழங்கதை எதையும் தேட வேண்டியதில்லை. 2014, 2015 ஆகிய இரு வருஷங்களிலும் பருவமழை அடுத்தடுத்துப் பொய்த்தது. 2015-16-இல் தேசம் முழுவதும் விளைந்த துவரை 26 லட்சம் டன்னுக்கும் குறைவு. 2015 அக்டோபரில் சில்லறைக் கடைகளில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. அப்பொழுது எழுந்த கூச்சலை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சர்க்கார் பரிகாரம் தேடியது. குடியானவனைப் பார்த்து, ‘துவரை விதை, குவிண்டாலுக்கு ஊக்கத் தொகையும் சேர்த்து 5050 ரூபாய் ஆதார விலை தருகிறோம்’ என்றது. அவனும் நம்பினான். 2016-இல் மழையும் தவறாமல் பெய்தது. முந்தின வருஷத்தைவிடப் பல லட்சம் ஹெக்டேர் அதிகமாக விதைத்து, 2016-17-இல் 48 லட்சம் டன்னுக்கு மேல் விளைவித்துக் கொடுத்தான். ஒரே வருஷத்தில் உற்பத்தி ஏறக்குறைய இரட்டிப்பானது. இப்படி ஒரு காரியத்தை வேறெந்தத் தொழிலைச் செய்கிறவர்களாவது ஒரு வேண்டுகோளுக்கு இணங்கிச் செய்து காட்டியதுண்டா?

அதற்கு அவன் பெற்ற சன்மானம் என்ன? 1917-ஐப் பற்றி அல்ல, 2017-ஐப் பற்றிப் பேசுகிறோம். அறுவடைத் துவரை மண்டிக்கு வந்த வேளையில் இறக்குமதிக் கதவு திறந்தே இருந்தது. ஏற்றுமதிக் கதவு 2006-இல் சாத்தியபடி சாத்தியே இருந்தது. விலை 5050-க்குக் கீழே இறங்கி, பல மண்டிகளில் 4000-த்தையும் தாண்டிக் கீழே போயிற்று. சர்க்கார் வாங்கவே இல்லை என்று சொல்ல மாட்டோம். அதுவரை வாங்கியிராத அளவுக்கு வாங்கினார்கள். ஆனால் சாக்கு இல்லை, கிடங்கில் இடமில்லை, கெடு முடிந்தது என்று பல கொள்முதல் நிலையங்களில் மூட்டையேற்றிய வண்டிகள் நாட்கணக்கில் காத்துக் கிடந்தன. கையில் கடன் சீட்டோடு நிற்கிறவன் எத்தனை நாள் காத்திருப்பான்? வந்த விலைக்குத் தரகுக் கடையில் தள்ளிவிட்டுப் போனான். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, அந்த ஆகஸ்டில் இறக்குமதிக்கு 2 லட்சம் டன் என்று வரம்பு கட்டினார்கள். செப்டம்பரில் ஏற்றுமதித் தடையை நீக்கினார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

இவ்விஷயத்தில் நம்மை அதிகமாக உறுத்துவது மற்றொன்று. துவரை அந்நிய தேசத்துச் செடியன்று. உருளைக்கிழங்கும் மிளகாயும் கப்பலேறி வந்தவை, நிலக்கடலையும் அப்படியே. துவரையோ இந்த மண்ணில் பிறந்தது. அதன் காட்டு மூதாதையாகத் தாவர சாஸ்திரிகள் கருதும் செடி கிழக்குத் தொடர்ச்சி மலைச் சாரலிலும், ஒடிஸா, பஸ்தர் காடுகளிலும் இன்றும் தானே முளைத்துக் கிடக்கிறது. ஒடிஸாவிலும் தென்னாட்டிலும் புதிய கற்கால மக்கள் குடியிருந்த மேடுகளைத் தோண்டியபோது, 3000 வருஷங்களுக்கு முற்பட்ட துவரை விதைகள் கரிந்த நிலையில் அகப்பட்டிருக்கின்றன. இங்கிருந்துதான் அது கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து, அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களோடு மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போயிற்று. அங்கே பார்படோஸ் தீவில் அதைப் புறாக்களுக்குத் தீனியாகப் போடுவதைக் கண்ட ஆங்கிலேயர்கள் அதற்குப் ‘புறாப் பயறு’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். கோடிக்கணக்கான ஜனங்கள் அனுதினமும் உண்ணும் ஆகாரத்துக்கு இப்படி ஒரு பெயர்! அது போகட்டும். இப்பொழுது அந்தத் துவரைதான் மொஸாம்பிக்கிலிருந்தும், டான்ஸானியாவிலிருந்தும், மலாவியிலிருந்தும், அண்டைப் பர்மாவிலிருந்தும் நம் துறைமுகங்களுக்குத் திரும்பி வருகிறது. 2024-25-இல் வந்தது சுமார் 12 லட்சம் டன். தேசம் உண்ணும் துவரையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு.

துவரையை விளைவிப்பதால் நிலத்துக்கு உண்டாகும் நன்மையை நம் கிழவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். ‘துவரை போட்ட புன்செய்யில் மறு வருஷம் சோளம் நன்றாக வரும்’ என்று சொல்லாத சம்சாரி இல்லை. அதன் காரணத்தை விஞ்ஞானம் பிற்பாடு விளக்கிற்று. மற்றப் பயறுகளைப் போலவே துவரையின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்குகின்றன. உதிரும் இலைகள் மண்ணோடு மக்குகின்றன. இது பலருக்கும் தெரிந்ததே. தெரியாதது ஒன்றுண்டு. செம்மண் நிலத்தில் மணிச்சத்து இரும்போடு பிணைந்து கிடக்கும். பெரும்பாலான பயிர்களால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. துவரையின் வேர் ஒருவகைப் புளிமத்தைக் கசியவிட்டு அந்தப் பிணைப்பை அறுத்து, சத்தை விடுவிக்கிறது. ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவிலுள்ள சர்வதேச வறண்ட நிலப் பயிர் ஆராய்ச்சி நிலையமான இக்ரிஸாட்டில் ஜப்பானிய விஞ்ஞானிகளும் மற்றவர்களும் சேர்ந்து கண்டுபிடித்து, 1990-இல் வெளியிட்ட உண்மை இது. வேரோ ஆள் உயரத்துக்குப் பூமிக்குள் இறங்குகிறது. மேல் மண் காய்ந்து மற்றப் பயிர் வாடும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் துவரை பசுமையாக நின்று பூப்பது இதனால்தான். முதல் இரண்டு மாதம் அது மெல்லவே வளர்கிறது. அதற்குள் ஊடே போட்ட நிலக்கடலையோ சோளமோ தன் பங்கை எடுத்துக்கொண்டு விலகிவிடும். ஒன்றுக்கொன்று போட்டியில்லை. காயை அடித்து எடுத்த பின், மிளாறு அடுப்புக்கும் கூடைக்கும் வேலிக்கும் ஆகும். உடைத்த பின் மிஞ்சும் பொட்டும் குருணையும் கறவை மாட்டுக்கு ஆகும். வீணாவதென்று அதில் ஒன்றும் இல்லை.

மனிதனுக்கு அது செய்யும் உபகாரத்தைப் பற்றிச் சாம்பார் சாதம் உண்ணும் நேயர்களுக்கு நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை. 100 கிராம் பருப்பில் ஏறக்குறைய 22 கிராம் புரதம். அரிசியில் குறைவாயுள்ள லைசின் என்னும் சத்து பருப்பில் நிறைந்திருக்கிறது. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் ஒரே இலையில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடுகிறது. தெற்கே பருப்புச் சோறும், வடக்கே தாலும் ரொட்டியும், நடுவே கிச்சடியும் எந்த வைத்திய சாஸ்திரியும் சொல்லித் தோன்றியவை அல்ல. ஏழை ஜனங்களே பல தலைமுறைகளாகக் கண்டுபிடித்து நிலைநாட்டியவை. புலால் வாங்கச் சக்தியற்றவனுக்கும், அதை உண்ணாதவனுக்கும் உடம்பில் வலு ஏற்றுவது இதுவே.

அப்படிப்பட்ட பருப்பு ஒவ்வொரு தலைக்கும் எவ்வளவு கிடைத்தது என்று பார்ப்போம். சர்க்காரே வெளியிட்ட கணக்கின்படி, எல்லாப் பருப்பு வகைகளும் சேர்ந்து ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 1951-இல் கிடைத்தது 60.7 கிராம். 1961-இல் அது 69 கிராமாக உயர்ந்தது. அதன் பிறகு இறங்குமுகம். 1981-இல் 37.5 கிராம், 2001-இல் 30 கிராம். சுதந்திரம் பெற்ற ஐம்பது வருஷங்களில் இந்தியனின் தட்டிலிருந்த பருப்பு பாதியாயிற்று என்பது இதன் பொருள். 2011-இல் 43 கிராமாகத் தேறியது உண்மையே. அப்பொழுதும் 1951-ஐ எட்டவில்லை. இதுவும் சராசரிக் கணக்கு. பங்களாவில் குடியிருப்பவனும் குடிசையில் இருப்பவனும் சமமாக உண்டதாகப் பாவித்துப் போட்ட கணக்கு. குடிசைக்குள் நுழைந்து அளந்தால் எவ்வளவு தேறும் என்பதை நேயர்களே யூகித்துக் கொள்ளலாம். பருப்பு குறைந்த குழம்பில் தண்ணீர்தான் கூடியிருக்கும்.

இந்த நிலை ஏன் வந்தது? ஜனத்தொகை பெருகிற்று என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அரிசிக்கும் கோதுமைக்கும் அந்த ஜனத்தொகை பெருகவில்லையா? 1950-51-இல் ஒரு ஹெக்டேரில் கோதுமை 663 கிலோ விளைந்தது. அரிசி 668 கிலோ. துவரை 788 கிலோ. ஆம், மூன்றிலும் முன்னே நின்றது துவரையே. 2023-24-இல் கோதுமை 3500 கிலோவைத் தாண்டிவிட்டது. அரிசி 2800 கிலோவைத் தாண்டிவிட்டது. துவரை? 830 கிலோவுக்குள் நிற்கிறது. எழுபது வருஷங்களுக்கு மேல் சென்றும் ஹெக்டேருக்கு ஒரு மூட்டைகூட ஏறவில்லை.

இதைப் பார்த்துத் துவரை சோம்பேறிப் பயிர் என்று தீர்ப்பளிப்பவர்கள் உண்டு. அவர்களை நாம் கேட்கிறோம்: பாய்ச்சல் உள்ள நிலத்தை எந்தப் பயிருக்குக் கொடுத்தீர்கள்? பசுமைப் புரட்சியின்போது அணைத் தண்ணீரும், மலிவு உரமும், மின்சார இறவையும், எல்லாவற்றுக்கும் மேலாக விளைந்ததையெல்லாம் சர்க்கார் வாங்கிக்கொள்ளும் என்ற உறுதியும் நெல்லுக்கும் கோதுமைக்கும் போயின. அது தவறு என்று சொல்லவில்லை. பஞ்சம் வாசலில் நின்ற காலம் அது. ஆனால் அதே வேகத்தில் துவரை நல்ல நிலத்திலிருந்து விரட்டப்பட்டு, கல்லாங்குத்துக்கும் மேட்டுப் புன்செய்க்கும் தள்ளப்பட்டது. மழையை மட்டும் நம்பி, ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரை வெட்டவெளியில் நிற்கிறது. பூக்கும் சமயத்தில் ஒரு வாரம் மூட்டம் போட்டால் காய்ப்புழு இறங்குகிறது. உரமும் மருந்தும் கடனில் வாங்க வேண்டும். விலை என்னவாகும் என்று தெரியாது. சவலைப் பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டு, ‘ஏன் வளரவில்லை?’ என்று கேட்கும் நியாயம்தான் இது.

ஆராய்ச்சி நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது. நம் விஞ்ஞானிகளைக் குறை சொல்ல இடமில்லை. துவரையின் பரம சத்துரு வாடல் நோய். பச்சையாய் நிற்கும் செடி காய்க்கும் தறுவாயில் திடீரென்று தலை சாய்ந்து காய்ந்துபோகும். பட்லர் என்ற தாவர நோய் நிபுணர் 1906-இலேயே பீஹாரில் இதைக் கண்டு விவரித்தார். மற்றொன்று மலட்டுத் தேமல். கண்ணுக்குத் தெரியாத சிறு சிலந்திப் பேன் பரப்பும் வியாதி. செடி புதர்போல் தழைக்கும், பூவே விடாது. இவ்விரண்டையும் தாங்கி நிற்கும் ‘ஆஷா’ என்ற ரகம் 1993-இல் குடியானவர்களுக்குக் கிடைத்தது. வீரிய ஒட்டுத் துவரை ஒன்று 2010-இல் மத்தியப் பிரதேசத்தில் வெளியிடப்பட்டது. 2011-இல் துவரையின் மரபணுத் தொகுதி முழுவதையும் நம் நாட்டு விஞ்ஞானிகள் முன்னின்று படித்து முடித்தார்கள். நம் மாகாணத்திலும் புதுக்கோட்டையை அடுத்த வம்பனிலுள்ள பயறு ஆராய்ச்சி நிலையம் பல ரகங்களைத் தந்திருக்கிறது. நல்ல விதை நல்ல விலையோடு சேர்ந்தால்தான் வயலுக்கு வரும். அது தனியே நடந்து வராது.

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தில் சில வருஷங்களாகப் பரவியிருக்கும் ஒரு முறையை இங்கே குறிப்பிட விரும்புகிறோம். கர்நாடகத்துப் பீதர் சீமையில் வழங்கி, எல்லை தாண்டி இங்கே வந்தது. துவரையை நேராக விதைக்காமல், சிறு பாலிதீன் பைகளில் மண்ணும் மணலும் தொழு உரமும் நிரப்பி விதையூன்றி, ஒரு மாதத்துக்கு மேல் வளர்க்கிறார்கள். மழை பெய்ததும் 5 அடிக்கு 3 அடி இடைவெளியில் குழியெடுத்து நடுகிறார்கள். நட்ட மூன்று, நான்கு வாரத்தில் நுனியைக் கிள்ளிவிடுகிறார்கள். பக்கக் கிளைகள் வெடித்துச் செடி குடை பிடித்தாற்போல் விரிகிறது. கிளைக்குக் கிளை கொத்துக் கொத்தாய்க் காய். ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும். நாற்றுத் தயாராக இருப்பதால் பருவமழை பத்து நாள் தாமதித்தாலும் பருவம் தப்புவதில்லை. நேர் விதைப்பைவிட விளைச்சல் வெகுவாக உயர்கிறது. துவரை சோம்பேறிப் பயிர் என்போருக்கு இதுவே பதில். ஆனால் பையில் மண் நிரப்புவதும், குழியெடுப்பதும், நடுவதும், கிள்ளுவதும் ஆள் வேலை. பெரும்பாலும் பெண்கள் குனிந்து செய்கிற வேலை. கூலியாகவே கணிசமான பணம் முன்கூட்டிப் போட வேண்டும். மார்கழி, தை மாதத்தில் மண்டியில் விலை இருக்கும் என்ற தைரியம் இருந்தால்தான் ஆனி மாதத்தில் ஒருவன் அந்தப் பணத்தை மண்ணில் போடுவான். 2017-இல் சூடுபட்டவனுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்?

ஆகவே விஷயம் சுற்றிச் சுற்றி விலையில் வந்து நிற்கிறது. இதைச் சர்க்கார் அறியாமல் இல்லை. 2016-இல் அவர்களே அரவிந்த் சுப்பிரமணியன் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். ஆதார விலையை உயர்த்துங்கள், உயர்த்திய விலையில் தவறாமல் வாங்குங்கள், ஏற்றுமதித் தடையையும் வியாபாரிகளின் இருப்பு வரம்பையும் நீக்குங்கள் என்று அந்தக் கமிட்டி அந்த செப்டம்பரிலேயே எடுத்துரைத்தது. ஏற்றுமதித் தடையை நீக்க அதன் பிறகும் ஒரு வருஷம் பிடித்தது. இடையில்தான் அந்த அமோக விளைச்சல் மண்ணாகிப் போயிற்று. இறக்குமதி வரம்பும் நிலைக்கவில்லை. 2021 மே மாதத்தில் அதை அடியோடு எடுத்தார்கள். தாற்காலிக ஏற்பாடு என்று சொல்லப்பட்டது ஆண்டுக்காண்டு நீட்டிக்கப்பட்டது. அந்த ஜூலையிலேயே இருப்பு வரம்பு திரும்பி வந்தது. 2023 ஜூனில் மறுபடியும் வந்தது. 2023 டிசம்பரில் மஞ்சள் பட்டாணிக்கும் தீர்வையில்லாமல் கதவு திறந்துவிடப்பட்டு, கனடாவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் லட்சக்கணக்கான டன் வந்து குவிந்தது. விலை மலிவான அந்தப் பட்டாணி துவரைக்கும் கடலைக்கும் போட்டியாக நின்றது. 2024-25-க்குத் துவரையின் ஆதார விலை குவிண்டாலுக்கு 7550 ரூபாய் என்று அறிவித்தார்கள். 2025 தொடக்கத்தில் புதுத் துவரை வந்தபோது பல மண்டிகள் அந்த விலையை எட்டவில்லை. ஒரு கையால் ஆதார விலை என்று எழுதிக் கொடுத்து, மறு கையால் அதை உடைக்கும் சரக்கைத் துறைமுகத்தில் இறக்குவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

‘ஏழைகளுக்குப் பருப்பு மலிவாகக் கிடைக்க வேண்டாமா?’ என்று கேட்பார்கள். கட்டாயம் கிடைக்க வேண்டும். இந்தக் கேள்வியை நாம் தட்டிக்கழிக்கப் போவதில்லை. பருப்பு விலை ஏறினால் கூலிக்காரன் வீட்டுக் குழந்தையின் சோற்றிலிருந்துதான் முதலில் அது மறைகிறது. ஆனால் அந்தக் குழந்தைக்குப் பருப்பு கொடுக்கும் பொறுப்பைப் புன்செய்க் குடியானவனின் தலையில் சுமத்துவது தர்மமாகாது. அவனும் ஏழை, அவன் வீட்டிலும் குழந்தை இருக்கிறது. தேசத்தின் பொக்கிஷம் ஏற்க வேண்டிய செலவு அது. தமிழ்நாட்டில் 2007 முதல் ரேஷன் கடைகளில் துவரம் பருப்பு சலுகை விலையில் கொடுக்கப்பட்டு வருகிறது, இப்பொழுது கிலோ 30 ரூபாய். கடையில் என்ன விலை விற்றாலும் அந்த 30 ரூபாயில் மாற்றமில்லை. வித்தியாசத்தை மாகாண சர்க்கார் ஏற்கிறது. இது பெருமைப்படத்தக்க ஏற்பாடே. ஆனால் இதிலும் ஒரு குறை. துவரைக்குப் பதிலாகக் கனடா தேசத்து மஞ்சள் பருப்பை வாங்கிக் கொடுத்த காலமும் உண்டு. சமையல் செய்யும் தாய்மார்கள் அது குழைவதில்லை, மணமில்லை என்று முணுமுணுத்தார்கள். நமக்கு மணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. வரிப் பணத்தில் வாங்கும் ரேஷன் பருப்பு கிருஷ்ணகிரியிலும் கலபுரகியிலும் வாங்கப்பட்டிருந்தால், அதே ரூபாய் உண்பவனுக்கும் உழுபவனுக்கும் உதவியிருக்கும்.

மத்திய சட்டமோ இந்த அளவுக்கும் வரவில்லை. 2013-இல் நிறைவேறிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் தருகிறது. அரிசி, கோதுமை, சிறுதானியம் என்று வகை சொல்கிறது. பருப்பு என்ற சொல் அந்த உரிமையில் இல்லை. வயிறு நிரம்பினால் போதும், உடம்பு வளர வேண்டியதில்லை என்று நினைத்தார்களோ என்னவோ! முடியாத காரியம் என்றும் சொல்ல இயலாது. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் ரேஷன் அட்டை உள்ள குடும்பங்களுக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு மத்திய சர்க்கார் செலவில் சில மாதங்கள் கொடுக்கப்பட்டது. ஆபத்துக் காலத்தில் முடிந்தது மற்றக் காலத்தில் ஏன் முடியாது?

அந்நிய நாட்டுக் குடியானவன் மீது நமக்கு எவ்விதப் பகைமையும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2016 ஜூலையில் மொஸாம்பிக்கோடு ஓர் ஒப்பந்தம் செய்து, வருஷத்துக்கு 1 லட்சம் டன்னில் தொடங்கி 2 லட்சம் டன் வரை துவரை வாங்கிக்கொள்வதாக நமது சர்க்கார் வாக்களித்தது. அதை நம்பி அங்கேயும் ஏராளமாக விதைத்தார்கள். துவரைக்கு உலகத்தில் நம்மைப்போல் வேறு பெரிய கிராக்கி கிடையாது. 2017-இல் இங்கே திடீரென்று வரம்பு கட்டியதும் கிழக்காப்பிரிக்காவிலும் விலை விழுந்து, அந்த ஏழைகளின் துவரையும் கேட்பாரற்றுக் கிடந்தது. டில்லியில் ஒருவர் மனம் மாறினால் கலபுரகியில் ஒருவனும் நம்புலாவில் ஒருவனும் ஒரே நாளில் நஷ்டமடைகிறார்கள். கொள்கை நிலையாக இருந்திருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள்.

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு மூன்றையும் முக்கியமாக வைத்து, பருப்பில் சுயதேவைப் பூர்த்திக்கான ஆறு வருஷத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் மந்திரி சபை அதற்கு 11,440 கோடி ரூபாய் ஒதுக்கி, 2030-31-இல் எல்லாப் பருப்பும் சேர்ந்து 350 லட்சம் டன் விளைய வேண்டும் என்று இலக்கு வைத்தது. பதிவு செய்துகொண்ட விவசாயிகள் கொண்டுவரும் இம்மூன்று பருப்புகளையும் நான்கு வருஷத்துக்குச் சர்க்கார் ஸ்தாபனங்கள் முழுவதும் வாங்கும் என்றும் வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மஞ்சள் பட்டாணிக்கு 2025 நவம்பர் முதல் 30 சதவிகிதத் தீர்வை போட்டார்கள். இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் 2016-இலும் வாக்குக் கொடுக்கப்பட்டது என்பதைக் குடியானவன் மறக்கவில்லை, நாமும் மறக்கவில்லை. காகிதத்திலுள்ள வாக்கு மண்டிக்கு வந்து சேர வேண்டுமானால் மூன்று காரியங்கள் நடந்தாக வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். இறக்குமதியாகும் துவரையின் துறைமுக விலை ஆதார விலைக்குக் கீழே இருக்கும் வரை, அந்த வித்தியாசத்துக்குத் தீர்வை போடப்படும் என்று சட்டமாகவே ஏற்படுத்த வேண்டும். மாதத்துக்கொரு உத்தரவு கூடாது. வாங்கிய துவரை கிடங்கில் கிடந்து வண்டு தின்னாமல் ரேஷன் கடைக்கும், பள்ளிச் சத்துணவுக்கும், அங்கன்வாடிக்கும் போக வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பருப்பையும் சேர்க்க வேண்டும். கொள்முதல் நிலையங்கள் எந்த ஊரில், எந்தத் தேதியில் திறக்கும் என்பதை விதைப்புக்கு முன்பே, ஜூன் மாதத்திலேயே, தாலுகா வாரியாக அறிவிக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னது அற்ப விஷயமாகத் தோன்றலாம். அப்படியல்ல. அறுவடை டிசம்பரில் தொடங்குகிறது. கடன்காரன் பொங்கலுக்கு முன்பே வாசலில் வந்து நிற்கிறான். நிலையம் மாசியில் திறந்தால் துவரை அதற்குள் வியாபாரியின் கிடங்குக்குப் போய்விடும். ஆதார விலையை வியாபாரி வாங்கிக்கொள்வான். விவசாய சங்கங்களில் ஊழியம் செய்யும் நண்பர்கள் இந்த ஒரு கோரிக்கையை முதலில் எடுத்துக்கொள்வார்களாக. கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஜில்லாக்களில் சித்திரை, வைகாசியில் கூடும் ஒவ்வொரு விவசாயிகள் கூட்டத்திலும், நிலையத்தின் பெயரையும் திறக்கும் தேதியையும், வைத்திருக்க வேண்டிய சாக்குகளின் எண்ணிக்கையையும் குறிப்பிட்டே தீர்மானம் நிறைவேற்றி, கலெக்டருக்கும் சட்டசபை அங்கத்தினருக்கும் பாராளுமன்ற அங்கத்தினருக்கும் அனுப்ப வேண்டும். பதில் வராத ஊர்களின் பெயர்களை நமக்கு எழுதினால் இந்தப் பக்கத்தில் வெளியிடுவோம்.